அறுத்தவர், பிணைத்தவர்

கொட்டகையில் படம் அறுந்தால் முதலில் விசில் பறக்கும். அடுத்து, மணல் தரையிலிருந்து சேர் டிக்கெட் வரைக்கும் எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பும். சுவரில் சின்னச் சின்ன சதுர ஓட்டைகள். அவற்றுக்குப் பின்னால் ஓர் ஆள். “கட் பண்ணாதய்யா!” என்று அந்த ஓட்டையைப் பார்த்துக் கத்துவார்கள். படம் தானாக அறுந்ததா, அவர் வேண்டுமென்றே வெட்டினாரா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் கத்துவதற்கு அங்கே ஓர் ஆள் இருந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது.

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இலேயே வெரைட்டி ஹால் கட்டிய கோயம்புத்தூர், பஸ் ஏறினால் பக்கம்தான். ஆனால் 1970-களில் அங்கே வெளியான படம் எங்கள் கொட்டகைக்கு வந்துசேர ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும். வரும் வழியில் எத்தனை ஊர், எத்தனை புரொஜெக்டர்! எங்களிடம் வரும்போது திரை முழுக்க மழை பெய்யும். பாட்டின் நடுவே ஒரு வரி காணாமல் போயிருக்கும். சண்டைக்காட்சியில் கை ஓங்கியவன் அடுத்த நொடியே தரையில் கிடப்பான்.

ஆபரேட்டர் எனக்குத் தூரத்து முறையில் மாமா. பள்ளிக்கூடம் இல்லாத பகல்களில் மேலே வர விடுவார். அறுந்த ஃபிலிமை அவர் ஒட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டு முனையையும் ஃபிரேம் கோட்டில் நேராகக் கத்தரிப்பார். ஒரு முனையின் மேலிருக்கும் மருந்துப் பூச்சை பிளேடால் சுரண்டுவார். கண்ணாடி மாதிரி வெறும் தகடு தெரிய வேண்டும். அதன்மேல் குச்சியால் ஒரு சொட்டு ஃபிலிம் சிமென்ட். மறுமுனையை ஓட்டைக்கு ஓட்டை பொருத்திக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உதட்டுக்குள்ளேயே எண்ணுவார். ஓர் அடி ஃபிலிமுக்கு 16 ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு ஃபிரேம் போயே தீரும். “பத்து எடத்துல ஒட்டுனா ஒரு செகண்டு போச்சு மாப்ளே” என்பார். பேசுகிற உருவத்துக்கு நேரே குரல் பதிந்திருக்காது, சுமார் இருபது ஃபிரேம் தள்ளியே பதிந்திருக்கும் என்பதையும் அவர்தான் காட்டினார். அதனால்தான் உருவம் ஓர் இடத்தில் துள்ளும், குரல் இன்னோர் இடத்தில் துள்ளும்.

அவர் வெட்டவும் செய்வார். படம் நீளமாக இருந்து, முதல் ஆட்டம் விடுவதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்றால், ஒரு பாட்டைக் கழற்றி வைக்கச் சொல்வார் முதலாளி. கழற்றிய துண்டைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, எந்த ரீல் எந்த இடம் என்று சீட்டு எழுதி ஆணியில் மாட்டுவார் மாமா. பெட்டி அடுத்த ஊருக்குக் கிளம்பும் முன்பு அதைப் பழையபடி ஒட்டி அனுப்புவார். சரிசெய்ய முடியாமல் கிழிந்த துண்டுகள் மட்டும் எங்களுக்கு. ஃபியூஸ் போன பல்புக்குள் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, மாட்டுக்கொட்டகைச் சுவரில் அந்தத் துண்டுகளைப் படம் காட்டினோம்.

இன்றைக்கு அந்த ஃபிலிம் பெட்டியே இல்லை. 2005 வாக்கில் க்யூப் போன்ற டிஜிட்டல் முறைகள் சென்னையிலிருந்து பரவத் தொடங்கின. பத்து வருடத்துக்குள் ஃபிலிம் பிரிண்ட் மறைந்துவிட்டது. கோவையில் பார்க்கும் அதே படத்தை, அதே நாளில், ஒரு கீறலும் இல்லாமல் எங்கள் ஊரிலும் பார்க்கிறார்கள். இது நல்லது, மழை பெய்கிற திரைக்காக நான் ஏங்கவில்லை. ஆனால் இப்போது ஒரு காட்சி ரத்தானால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். படத்தைத் திறக்க கே.டி.எம். என்று ஒரு மின்சாவி வர வேண்டும். எங்கோ இரண்டு பேருக்கு நடுவில் பணம் பைசலாகவில்லை என்றால் அந்தச் சாவி வராது. காலைக்காட்சிக்கு வந்த கூட்டம் வாசலிலேயே நிற்கும். மேலே பூத்தில் இருக்கும் பையனைப் பார்த்துக் கத்திப் பயனில்லை. அவன் கையில் பிளேடும் இல்லை, சிமென்டும் இல்லை. அவனும் போனைப் பார்த்தபடி காத்திருக்கிறான்.

போன் என்றதும் டிரங்க் கால் ஞாபகம் வருகிறது. போஸ்ட் ஆபீஸில் போய்ச் சொல்லிவைத்துவிட்டு வேப்பமரத்தடியில் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்தால் மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிகிறபோது எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் நடுவே வரும்: “மூணு நிமிசம் ஆச்சுங்க, நீட்டிக்கட்டுங்களா?” வேண்டாம் என்றால் கட். எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இறந்த அன்று சேலத்தில் இருந்த பெரியப்பாவுக்குச் சொல்ல அப்பா போயிருந்தார், நானும் கூடப் போனேன். விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்பா பேச முடியாமல் நின்றுவிட்டார். அந்தப் பக்கத்திலும் பேச்சில்லை. மூன்று நிமிடம் தாண்டியது, நான்கும் தாண்டியது. அந்தக் குரல் குறுக்கே வரவே இல்லை. கடைசியில், “எப்ப எடுக்கறாங்கன்னு கேட்டுக்கங்க, நான் லைன்லயே இருக்கறேன்” என்று மெதுவாகச் சொன்னது. அந்தப் பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது. கட் பண்ணுகிற அதிகாரம் அவரிடம் இருந்தது. எப்போது பண்ணக் கூடாது என்கிற அறிவும் கூடவே இருந்தது.

பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது, சிவப்பு எழுத்தில் ரூபாய் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசினோம். செல்போன் வந்த புதிதில் வருகிற அழைப்புக்கும் காசு என்பதால், மணி அடித்ததும் கட் பண்ணுவதே ஒரு பாஷையாக இருந்தது: ஒரு தடவை என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு தடவை என்றால் நீ கூப்பிடு. 2003-இல் உள்வரும் அழைப்பு இலவசமான பிறகும் மிஸ்டு கால் பழக்கம் போக ரொம்ப நாளாயிற்று. இன்றைக்குப் பேச்சுக்குத் தட்டுப்பாடே இல்லை. ஆனால் போன வருடம் என் ஓய்வூதியக் கணக்கில் ஏதோ பிடித்தம் என்று கேட்பதற்காக ஓர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, காத்திரு என்றது பதிவுசெய்த குரல். இசை ஓடியது, தானாகவே கட் ஆனது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு விதவை உதவித்தொகை நின்றுபோனபோதும் இதே கதைதான். ஏன் நிறுத்தினார்கள் என்று அவர் கேட்டார். அதைச் சொல்ல அந்த வரிசையில் ஒரு மனிதரும் அகப்படவில்லை. வயதானவர்களை இப்படிச் சுவரோடு பேச விடுவது எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை.

எங்கள் பக்கம் ‘கட்’ என்றாலே முதலில் ஞாபகம் வருவது கரண்ட் கட். வீட்டுக்காரர்களுக்கு அது இருட்டும் புழுக்கமும், விசைத்தறிக்காரர்களுக்குக் கூலி. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், குறுக்கே ஓடும் நாடா, பாவு இழைகளுக்கு நடுவிலேயே நிற்கும். திரும்ப ஓட்டும்போது அந்த இடத்தில் துணியில் ஒரு கோடு விழும். ஒரு கோடு என்றால் பரவாயில்லை. மணிக்கொரு கோடு விழுந்தால் துணியைக் கழிவில் சேர்ப்பார்கள். இத்தனை மீட்டருக்கு இத்தனை காசு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு, தறி நிற்கிற நேரமெல்லாம் வயிற்றில் விழுகிற வெட்டு.

2012-இல் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். எங்கள் தோட்டங்களுக்கு நடுவே காற்றாலைகள் நிற்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மே முதல் செப்டம்பர் வரைக்கும் அவை சுற்றும், அப்போது கொஞ்சம் மூச்சு விடலாம். காற்று நின்ற அக்டோபரில் நிலைமை மோசமானது. பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வுக்கு மெழுகுவத்தியில் படித்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால், ஊர் முழுக்கத் தறிச்சத்தம் எழும்பும். தூங்குகிறவர்கள் எழுந்து வேலைக்குப் போவார்கள். ஜெனரேட்டர் வைக்க வசதி இல்லாத சிலர் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். 2013 அக்டோபரில் கூடங்குளத்தின் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது. வேறு அனல் நிலையங்களும் வந்தன. மின்வெட்டு மெல்லக் குறைந்தது. இரும்புக்குப் போன தறி திரும்பி வரவில்லை.

தறிக்கூடத்தில் நான் சின்ன வயதிலிருந்தே மரியாதையோடு பார்க்கிறவர் பாவு பிணைக்கிறவர். ஒரு பாவு ஓடி முடிந்து புதுப் பாவு ஏற்றினால், பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் சேர்த்துத் திரிக்க வேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் இழை. விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, தலை நிமிராமல் அவர் திரிக்கிற வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. ஓர் இழை மாறினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் சொல்லும்போது, அந்தக் காலத்தில் வெட்டியவர்கள் எல்லாம் ஒட்டவும் செய்தார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. இதைவிடக் கொடிய வெட்டு ஒன்று இருந்தது. அதைச் செய்தவர்கள் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், நம் மேல் பாசம் உள்ளவர்கள்.

1972-இல் எங்கள் அக்கா எட்டாம் வகுப்பு முடித்தாள். வகுப்பில் கணக்குக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். உயர்நிலைப் பள்ளி நான்கு மைல் தள்ளி. வயதுக்கு வந்த பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று வீட்டில் பேசினார்கள். “படிச்சது போதும் சாமி, தார் சுத்தப் போ” என்றார் அப்பா. அதட்டலாகக்கூட இல்லை, தலையைத் தடவித்தான் சொன்னார். மறுநாளே அக்கா, தறிக்கு நூல் தார் சுற்றும் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நான்கு வருடம் கழித்து அதே நான்கு மைலை நான் சைக்கிளில் போனேன். அந்த சைக்கிள் வாங்கிய பணத்தில் அவள் கூலியும் இருந்தது. கத்துவதற்கு ஆள் எதிரிலேயே இருந்தும் அவள் கத்தவில்லை. எங்கள் தெருவில் அவள் வயதுப் பெண்கள் அத்தனை பேருக்கும் எட்டிலோ அதற்கு முன்போ இதேதான் நடந்தது. ஊரே சேர்ந்து வெட்டியது. ஒட்டுவதற்கு யாரும் வரவில்லை.

நான் 1980-இல் பிளஸ் டூ முடித்தேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதிய முதல் செட் நாங்கள். கோவையில் கல்லூரி. கட் அடித்து மார்னிங் ஷோ போவதும், வருகைப் பதிவில் நண்பன் குரல் கொடுப்பதும் அப்போது சாதாரணம். இப்போது முதல் பீரியடுக்குப் பையன் வரவில்லை என்றால் இரண்டாவது பீரியடுக்குள் அம்மாவின் போனுக்குச் செய்தி போய்விடுகிறது. அது போகட்டும். படித்து முடித்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆனேன். என் வேலைக்காலம் முழுவதும் என்னோடு வந்தது இன்னொரு கட்: கட்-ஆஃப்.

1984-இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ பாடங்களுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப். கோச்சிங் சென்டர் இருந்த ஊர்ப் பிள்ளைகள் முன்னே போனார்கள். எங்கள் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2006-இல் சட்டம் போட்டு நுழைவுத்தேர்வை எடுத்தார்கள். அதன் பிறகு 200-க்குக் கணக்கு: பொறியியலுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அன்றைக்கு ஒவ்வொரு பாடமும் 200 மதிப்பெண்ணுக்கு என்பதால் இயற்பியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் கால் போகும். ரிசல்ட் வந்த அன்று என் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பார்கள். நான் காகிதத்தில் கூட்டி வகுத்து எழுதுவதைப் பார்க்கும்போதே சிலருக்குக் கண் கலங்கும். அந்தக் கால் மதிப்பெண்ணுக்குள் அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். எல்லா மதிப்பெண்ணும் பிறந்த தேதியும்கூட ஒன்றாக இருந்தால், கடைசியில் ரேண்டம் எண்தான் யார் முன்னே என்று தீர்மானிக்கும்.

ஆனாலும் அன்றைக்குக் கலந்தாய்வு என்றால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். நீலகிரி எக்ஸ்பிரஸில் அப்பாவும் பிள்ளையும் போவார்கள். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவரிடம், “சார், இது நல்ல காலேஜுங்களா?” என்று கேட்கலாம். 2018-இலிருந்து எல்லாம் ஆன்லைன். சென்னைக்குப் போகிற செலவு மிச்சம், கூலிக்காரக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும் என்கிற தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

மருத்துவத்தில் நடந்ததை வேதனை இல்லாமல் எழுத என்னால் முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, 2017 பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கினார். பழைய முறைப்படி மருத்துவக் கட்-ஆஃப் 196.75, இடம் உறுதி. அந்த வருடம் நீட் வந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அவர் இறந்துபோனார். பன்னிரண்டு வருடம் ஒரு பாடத்திட்டத்தில் படிக்கச் சொல்லிவிட்டு, கடைசி நாளில் வேறு அளவுகோலை நீட்டியது எந்தக் கை? கேட்டால் எல்லோரும் இன்னொருவரைக் காட்டுகிறார்கள். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021-இல் பொறியியலுக்கும் அதைக் கொண்டுவந்து, கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022-இல் புதுமைப் பெண் திட்டம்: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய். இவற்றைச் செய்தவர்களை நான் பாவு பிணைக்கிறவர் வரிசையில்தான் வைக்கிறேன். எல்லா இழையையும் அவர்கள் பிணைத்துவிடவில்லை. பிணைத்தது நிற்கிறது.

என் அக்கா பேத்தி 2024-இல் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். கணக்கு 78, இயற்பியல் 74, வேதியியல் 80, கட்-ஆஃப் 155. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்றாள். பெரிய கல்லூரிகளின் போன வருடக் கட்-ஆஃபைப் போனில் பார்த்துவிட்டு, எங்கும் கிடைக்காது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. விண்ணப்பிக்கிறவர்களுக்கு உதவ மாவட்டந்தோறும் சேவை மையம் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி நான் கூட்டிப்போனேன். அக்காவும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள்.

மையத்தில் ஓர் இளைஞர் இருந்தார். பொறுமையானவர். விருப்பப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஆசை வரிசைப்படி எழுத வேண்டும்; மேலே இருப்பது கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு அதுவாகவே இறங்கி வரும். அக்கா நடுவில் புகுந்தாள்.

“ஏங்கண்ணு, நெறைய எழுதுனா கட் பண்ணிருவாங்களா?”

“இல்லீங்க பாட்டி, எத்தன வேணும்னாலும் எழுதலாம். எழுதாம விட்டாத்தான் கெடைக்காது.”

“அப்ப நம்மூர்ல இருந்து பஸ்சு போற காலேஜு எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க. எந்த பஸ்சு எங்க நிக்கும்னு நாஞ் சொல்றேன்.”

பல்லடம், சூலூர், திருப்பூர், அவிநாசி, காங்கேயம் என்று அக்கா ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காகச் சொல்ல ஆரம்பித்தாள். பேத்தி டைப் செய்தாள். அந்த இளைஞர் கல்லூரிக் குறியீட்டு எண்களைச் சரிபார்த்துக்கொண்டே, எட்டாவது இடத்தில் இருந்ததை மூன்றாவதுக்கு ஏற்றச் சொன்னார். போன வருடம் 7.5 ஒதுக்கீட்டில் அங்கே 150-க்கே கிடைத்திருக்கிறது என்றார். இரண்டாம் சுற்றில் அந்தக் கல்லூரிதான் அவளுக்குக் கிடைத்தது. காலை ஏழேகால் பஸ்ஸுக்குப் போகிறாள்.